யாரைக் கேட்டு?

அத்தியாயம் பதினான்கு

"பூட்டை உடைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இதற்கு ஒரு வாரம் இழுக்க வேண்டுமா?" என்று வாசகர்கள் சிலர் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் ஃபிட்டர் வீட்டுப் பீரோவில் தொங்குவது கடையில் வாங்கிய பூட்டாக இருந்தால் அவர் மகள் கீச்சு அதைப் போன வாரமே கல்லால் தட்டி எறிந்திருப்பாள். தொங்குவது சிவப்புப் பூட்டு.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஃபிட்டர் வேலை பார்க்கும் சோப்புத் தொழிற்சாலையில் இயந்திரப் பழுது பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஒரே சாவி. இயந்திரத்துக்குள் இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் அவரவர் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டு கழலும் வரை முதலாளியே வந்து நின்றாலும் இயந்திரம் ஓடாது. பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரைக் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு வரவழைத்த கதை ஒன்றைத் தொழிற்சாலையில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஃபிட்டர் தன் மகளுக்கு நெருப்பு சுடும் என்று சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே, "சிவப்புப் பூட்ட மத்தவன் தொட்டா உள்ள இருக்குறவன் உசுரு போச்சு" என்று சொல்லிக்கொடுத்தவர். தாயும் மகளும் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள். மகள் அவர் தோளில் வளர்ந்தாள், தாய் அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வளர்ந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பூட்டைத்தான் மனிதர் வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து மாட்டிவிட்டார். உள்ளே இருப்பது கீச்சுவின் அசல் சான்றிதழ்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாளைக் காலை அசல் சான்றிதழ்களோடு போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அதற்கு இன்று மாலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

இன்று காலை அந்த வீட்டுச் சமையலறையில் பால் பொங்கும் சத்தத்தை விட இங்கிலீஷ் சத்தம் அதிகமாக இருந்தது.

அம்மா வேலை பார்ப்பது ஒரு குழந்தைகள் காப்பகத்தில். ஆயா வேலை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர்களிடம் நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசத் தெரிந்தால் மேற்பார்வை வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் வாரம் ஒரு வார்த்தை, அதை வைத்து வாக்கியங்கள். இந்த வாரத்து வார்த்தை பர்மிஷன். வாத்தியார் கீச்சுதான். அவள் குரல் பிறந்ததிலிருந்தே கீச்சென்றுதான் வரும். பெயர் அதனால் வந்தது.

"ஐ டேக் பர்மிஷன் டு கோ டு மை அம்மா ஹவுஸ்," என்றாள் அம்மா, பாலை இறக்கிக்கொண்டே.

"டேக் இல்லம்மா. நம்ம ஊரு பேச்சு அது. கெட் பர்மிஷன். இல்லன்னா ஆஸ்க் ஃபார் பர்மிஷன்."

"ரெண்டும் ஒண்ணுதானேடி? வாங்குறது."

"டேக்னா நாமளா எடுத்துக்குறது. பர்மிஷன எப்படி எடுத்துக்க முடியும்? ஒருத்தர் குடுக்கணுமில்ல?"

அம்மாவின் பார்வை கூடத்துப் பீரோவுக்குப் போய்விட்டுத் திரும்பியது. "ஐ ஆஸ்க் ஃபார் பர்மிஷன் டு கோ டு கிளாஸ். ஐ ஆஸ்க் ஃபார் பர்மிஷன் டு பை சேர்..."

"எல்லாத்துலயும் நீ கேட்டுக்கிட்டே இருக்கியே. குடுக்குற மாதிரி ஒண்ணு சொல்லேன். ஐ கிவ் பர்மிஷன்னு."

"நான் யாருக்குடி குடுக்கப் போறேன்?" என்று அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு கீச்சுவுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

ஃபிட்டர் சட்டைப் பித்தானைப் போட்டபடி வந்தார். பேச்சு நின்றது. சோப்பு மணக்கும் மனிதர் அவர், ஞாயிற்றுக்கிழமைகூட மணப்பார். தெருவில் அவருக்கு நல்ல பெயர். யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் கூலி வாங்காமல் பார்த்துக் கொடுப்பார். சொந்த வீட்டில்தான் எதையும் திறந்துவிட மாட்டார்.

"அப்பா, இன்னைக்கு ஆறு மணி பஸ்," என்றாள் கீச்சு.

"பஸ்ஸு தினமும்தான் போகுது."

"எனக்கு இன்னைக்குப் போறதுதான் பஸ்ஸு."

அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "உசரத்துல இருந்து விழுந்தவன சாக்குல சுத்தி எறக்குனத நான் பாத்திருக்கேன். அவன் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொன்னதும் நான்தான். நீ பாத்தியா?"

"நீங்க மட்டும் மெஷினுக்குள்ள எறங்கலியா?"

"எனக்குப் பூட்டு இருக்கு."

"அது இங்கதானே தொங்குது?"

ஃபிட்டர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். இந்த ஒரு வாரமாக அவர் உள்ளே இறங்குகிற வேலை எதையும் தொடாமல், பம்பு, பட்டை, குழாய் என்று வெளி வேலையாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தார் என்பது பெண்கள் இருவருக்கும் தெரியாது.

சமாளிப்புக்கும் ஒரு முடிவு உண்டு. பதினொரு மணி சுமாருக்கு இரண்டாம் நம்பர் மிக்ஸர் நின்றுவிட்டது.

மிக்ஸர் என்றால் வீட்டில் இருப்பதைப் போல நினைக்காதீர்கள். ஓர் ஆள் உள்ளே இறங்கி நின்று கையை நீட்டலாம். அடியில் மூன்று இரும்பு அலகுகள். சோப்புக் கூழ் இறுகி ஓர் அலகு கழன்றுகொண்டது. மோட்டாரும் சூடாகித் தீய்ந்த வாடை அடித்தது.

"ஃபிட்டர், நீங்கதான் எறங்கணும்," என்றார் சூப்பர்வைசர். "மோட்டார எலெக்ட்ரீஷியன் பாக்கட்டும்."

எலெக்ட்ரீஷியன் வேறு யாருமில்லை, ஃபிட்டரின் மைத்துனன்தான். அம்மாவின் தம்பி. ஃபிட்டர் சொல்லித்தான் அவனுக்கு அங்கே வேலை கிடைத்தது. தொழிலும் அவர் கற்றுக்கொடுத்ததே. அக்காவிடம் ஒரு பயம், அத்தானிடம் இரண்டு பயம் என்று வளர்ந்தவன்.

சுவிட்ச் அறை கீழ்த்தளத்தில். மிக்ஸரின் வாய் மேல்தளத்தில். கீழே நிற்பவருக்கு மேலே இருப்பவர் தெரியாது. தெரியாது என்பதால்தான் பூட்டு.

மைத்துனன் மெயின் சுவிட்சை இறக்கித் தன் பூட்டை மாட்டினான். ஃபிட்டர் மாட்டுவார் என்று ஒதுங்கி நின்றான். அவர் மாட்டவில்லை.

"அத்தான், உங்க பூட்டு?"

"வீட்டுல இருக்கு."

"வீட்டுல என்ன மெஷினு?"

வேறொரு நாளாக இருந்தால் ஃபிட்டரே சிரித்திருப்பார். இன்று முகம் சுருங்கியது. "உன்னோடது இருக்குல்ல? ரெண்டு பேருக்கும் சேத்து அதுவே போதும்."

"சேஃப்டி ஆபீசர்கிட்ட வேற ஒண்ணு கேட்டு வாங்கிக்கலாமே."

"பழசு எங்கன்னு கேப்பாரு. மீட்டிங்ல பூட்டப் பத்தி நான் எழுந்து நின்னு வாய் கிழியப் பேசுனது எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும்."

"தப்பு அத்தான் இது. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"சொல்லிக் குடுத்தவனுக்குத் தெரியும். மோட்டாரப் பாரு."

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் வெறுங்கையோடு ஏணியேறிப் போனார். சுவிட்சுக் கைப்பிடியில் இரண்டு தொங்க வேண்டிய இடத்தில் ஒன்று தொங்கியது. அவருக்கு அது உறுத்தாமல் இல்லை. ஆனால் மகளைப் பிடித்துவைக்க வேண்டும் என்கிற வீம்பு அந்த உறுத்தலை விடப் பெரியதாக இருந்தது.

அதே நேரத்தில் காப்பகத்தின் பின்கட்டில் சறுக்கு மரத்தடியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பஞ்சு போல முடி வைத்த ஒரு பொடிசு படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டது.

"ஆயா, நான் ஏறட்டா?"

"ஏறு கண்ணு."

"விழுந்துட்டா?"

"கீழ நான்தானே நிக்கிறேன்? ஏறு."

பொடிசு ஏறியது. சறுக்கியது. மண்ணில் குப்புற விழுந்து, எழுந்து, திரும்பப் போய் வரிசையில் நின்றது. அடுத்தது கேட்டது. அதற்கும் அடுத்தது. ஏறட்டா, குடிக்கட்டா, போகட்டா, வரட்டா. எத்தனை வருஷமாக நாள் முழுக்க இதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! ஒரு தடவைகூட வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னதில்லை.

'நான் யாருக்குடி குடுக்கப் போறேன்?' என்று காலையில் தான் சிரித்தது அம்மாவுக்கு இப்போது வெட்கமாக இருந்தது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் ஏறு ஏறு என்று சொல்கிறவள் பெற்ற பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனை எடுத்தாள்.

"தம்பி, உங்க ஃபாக்டரில பூட்டு வெட்டுற கட்டர் இருக்குமில்ல? எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா."

"எதுக்குக்கா?"

"வா, சொல்றேன்."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உன்ன எதுக்குடா கூப்பிடப் போறேன்?"

மைத்துனனுக்கு மோட்டார் வேலை முடிந்திருந்தது. அவன் சூப்பர்வைசரிடம் போய்த் தலையைச் சொறிந்தான். "சார், ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும். அக்கா வீட்டுல ஒரு அவசரம்." சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக்கொள் என்று கிடைத்தது.

ஏணியேறி மிக்ஸர் வாயருகில் குனிந்து, "அத்தான், நான் வெளிய போறேன்" என்று ஒரு குரல் கொடுத்திருக்க வேண்டும். எப்போதும் கொடுப்பான். இன்று கொடுக்கவில்லை. அத்தானுக்குத் தெரியாமல் அத்தான் வீட்டுக்குக் கட்டரோடு போகிறவன், எந்த முகத்தை வைத்துக்கொண்டு குனிவான்? "எங்க போறே?" என்று கேட்டால் அவனுக்குப் பொய் சொல்லவும் வராது. சத்தமில்லாமல் நழுவினான்.

நழுவுகிற வழியில் சுவிட்ச் அறை. வேலை முடித்தவர் தன் பூட்டைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். எத்தனையோ வருஷத்துப் பழக்கம். கை தானாகச் சாவியை எடுத்தது, திருப்பியது, பூட்டைக் கால்சட்டைப் பையில் போட்டது. மனம் அக்கா வீட்டில் இருந்தது.

அந்தக் கையைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தன் பூட்டைத் தான் கழற்றினால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது. உள்ளே இருப்பவருடைய பூட்டு எப்படியும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஏற்பாட்டின் அழகே அதுதான். அது செல்லாமல் போன ஒரே நாள் இன்று.

ஃபிட்டர் உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கடைசி மரையை முடுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் அம்மா முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தாள். கீச்சு தன் பையை மூன்றாவது முறையாகப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் கையில் கட்டரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அம்மா, இது வேண்டாம்மா. அது அப்பாவோட பூட்டு."

"தெரியும். அதனாலதான் என் தம்பியக் கூப்பிட்டேன்."

"அக்கா," என்றான் மைத்துனன், பீரோவைப் பார்த்தபடி. "இதுக்கா அத்தான்... வீட்டுல இருக்குன்னாரு. இங்கயா மாட்டி வெச்சிருக்காரு?"

"வெட்டு."

"அக்கா, இத நான் வெட்டுனேன்னு தெரிஞ்சா..."

"நான் சொன்னேன்னு சொல்லு. வெட்டுடா."

அவன் பீரோ முன்னால் மண்டியிட்டான். கட்டரின் வாயைப் பூட்டின் வளையத்தில் வைத்தான். பூட்டின் மேல் அத்தானின் சின்னப் புகைப்படம், இளமையான முகம், ஒட்டிய கன்னம். அதன் கீழே வெள்ளை எழுத்து: 'அபாயம். உள்ளே ஆள் இருக்கிறார்.'

மண்டியிட்டபோது ஏதோ ஒன்று தொடையில் அழுத்தியது. வலித்தது. அவன் பையைத் தொட்டுப் பார்த்தான்.

அவனுடைய பூட்டு.

கட்டர் தரையில் விழுந்தது. "அக்கா! அத்தான் உள்ள இருக்காரு!"

"எங்கடா உள்ள?"

அவன் போனை எடுத்து அத்தானின் எண்ணை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே போகிறவர்கள் போனை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போவார்கள் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. சூப்பர்வைசர் அறைக்குப் போட்டான். அவசரத்தில் விரல் ஒலிபெருக்கிப் பொத்தானில் பட்டது. மூன்று பேருக்கும் கேட்டது.

"யாரு? ஏம்பா, பர்மிஷன் போட்டுட்டுப் போனவன் அங்கருந்தும் என்ன விட மாட்டியா? உங்க மிக்ஸர் வேலதான் முடிஞ்சிருச்சே, பூட்டு ஒண்ணும் இல்லன்னு இப்பத்தான் சுவிட்ச போடச் சொன்னேன்..."

அவர் குரலுக்குப் பின்னால் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. அலகுகள் சுற்றத் தொடங்கும் முன் அடிக்கிற எச்சரிக்கை மணி.

"நிறுத்துங்க சார்! உள்ள ஆளு! அத்தான் உள்ள! நிறுத்துங்க!"

போன் எங்கோ விழுந்த சத்தம். நாற்காலி சாய்ந்த சத்தம். யாரோ ஓடினார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு நின்றது.

அந்த மணி நிற்பதற்கு இரண்டு காரணம் உண்டு. யாராவது சுவிட்சை அணைத்தால் நிற்கும். அணைக்காவிட்டால், அடித்து முடித்துவிட்டுத் தானாக நிற்கும், அலகுகள் சுற்றத் தொடங்கும். இது மைத்துனனுக்குத் தெரியும். அதனால் அவன் போனைக் கையில் வைத்திருக்க முடியாமல் தரையில் வைத்துவிட்டான். தெரியாத அம்மா, "நின்னுருச்சு, நின்னுருச்சுல்ல?" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். கீச்சு பீரோவில் சாய்ந்து நின்றாள். அப்பா பிழைத்துவிட்டால், தான் அந்தத் துறைமுகத்தின் பக்கமே போகப்போவதில்லை என்று அவள் யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துச் சூப்பர்வைசரின் குரல் மூச்சிரைக்கப் போனில் வந்தது.

"சுவிட்ச அணைச்சுட்டோம். மேல வந்துட்டாரு. கை கால் எல்லாம் பாத்துட்டோம், முழுசா இருக்காரு. நீ... நீ உடனே கிளம்பி வா. சேஃப்டி ஆபீசர் உன்னத்தான் கேக்குறாரு."

மைத்துனன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "அக்கா, நான் கொன்னுருப்பேன்கா," என்றான். அதையே சொல்லிக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினான். கட்டர் அங்கேயே கிடந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்து அழுது முடித்தாள். முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பூட்டைப் பார்த்தாள். அதில் இருந்த இளமையான முகத்தையும் பார்த்தாள்.

"இது அங்க தொங்கியிருக்கணும்," என்றாள். "இங்க தொங்கிக்கிட்டு என்ன பண்ணுது?"

"விடும்மா. நான் போகல."

"நீ வாய மூடு." அம்மா கட்டரை எடுத்தாள். கனமாக இருந்தது. முதல் தடவை நழுவியது.

"குடும்மா, நான்..."

"நீ தொடாத. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா நான்தான் தொட்டேன்னு இருக்கட்டும்."

இரண்டு கைப்பிடிகளையும் நெஞ்சோடு வைத்து அழுத்தினாள். பல்லைக் கடித்தாள். வளையம் டப்பென்று அறுந்தது. அவ்வளவு வருஷமாகப் பயந்ததற்கு அது ஒரு கிண்ணம் உடைந்த சத்தம்கூடப் போடவில்லை.

பீரோவைத் திறந்து, உறையை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"ஐ கிவ் யூ பர்மிஷன்," என்றாள். "சரியா வருதாடி?"

"சரியா வருதும்மா," என்றாள் கீச்சு. வாத்தியாருக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஃபிட்டர் ஐந்து மணிக்கு வந்தார். தலைமுடியில் சோப்புச் சீவல். ஒரு காலில்தான் செருப்பு. மணி அடித்ததும் தாவி ஏறியபோது இன்னொன்று மிக்ஸர் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஆபீசரைப் பார்க்காமல் யார் கூப்பிட்டதையும் காதில் வாங்காமல் அந்த ஒற்றைச் செருப்போடே கால் போன போக்கில் சுற்றிவிட்டு நடந்து வந்திருக்கிறார்.

அம்மா அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள். அவர் பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு மேசைமேல் கிடந்தது, வளையம் அறுந்து.

"யாரு வெட்டுனது?"

"நான்."

"யாரக் கேட்டு வெட்டுன?"

இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் பல விஷயங்கள் இந்தக் கேள்வியோடு முடிந்துபோயிருக்கின்றன. சன்னல் திரை, நாற்காலி, தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாளே போவது. இன்று முடியவில்லை.

"உள்ள ஆளு இருந்தாத்தான் அந்தப் பூட்டுக்கு மரியாதைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "பீரோக்குள்ள யாருங்க இருந்தா? ஆளு இருந்த எடத்துல பூட்டில்ல. ஆளு இல்லாத எடத்துல பூட்டு. நான் யாரக் கேக்கணும், சொல்லுங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். கைக்குள்ளிருந்து, "மணி அடிச்சப்ப இவ மூஞ்சிதான் வந்துச்சு," என்று மட்டும் கேட்டது.

கீச்சு அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். அவரது செருப்பில்லாத காலில் காய்ந்திருந்த சோப்பைச் சுரண்டினாள்.

அவர் போன் அடித்தது. சேஃப்டி ஆபீசர். குரலில் மரியாதை இருந்தது, தயவு இல்லை. விசாரணை நாளைக்கு இல்லை, இன்றைக்கே. உங்கள் பூட்டை எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். உங்கள் மைத்துனன் இங்கேதான் இருக்கிறார், கேட்டதற்கெல்லாம் 'என் தப்பு' என்று ஒன்றையே சொல்கிறார்.

ஃபிட்டர் எழுந்தார். வேறு செருப்பைப் போட்டுக்கொண்டார். அறுந்த பூட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். அந்தத் தொழிற்சாலையில் வேலையாளின் பூட்டு வாசலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. அதை அடுத்தவர் வெட்டவே கூடாது. இரண்டு தப்பும் அந்தப் பையில் இருந்தன.

"அப்பா, நானும் வரேன்," என்றாள் கீச்சு. "என்னாலதான் பூட்டு வீட்டுக்கு வந்துச்சுன்னு ஆபீசர்கிட்ட நானே சொல்றேன். பஸ்ஸு போனாப் போகட்டும். நான் இங்கயே இருந்துக்கறேன்."

"வேண்டாம்."

"அப்பா..."

"நீ இங்க இருக்கறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். யாரக் கேட்டு முடிவு பண்ண? நேரமாச்சு, கெளம்பு."

கீச்சு அவரையே பார்த்தாள். அந்த மனிதருக்கு 'போய் வா' என்று சொல்லத் தெரியாது. கற்றுக்கொள்ளவில்லை. தெரிந்த 'வேண்டாம்'தான் இருந்தது, அதைக் கொண்டே வழியனுப்பினார்.

வாசலில் நின்று அவள் தோளிலிருந்த பையின் வாரை இழுத்துப் பார்த்தார். "மேல ஏறும்போது பெல்ட்ட மாட்டியாச்சுன்னு எவன் சொன்னாலும் நம்பாத. உன் கையால இழுத்துப் பாரு. அடுத்தவன் பூட்ட நம்பி உள்ள போகாத." திரும்பிப் பார்க்காமல் தொழிற்சாலைப் பக்கமாக நடந்தார். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, பிறகு பஸ் நிலையத்துப் பக்கமாக நடந்தாள்.

இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு அம்மா நடுவில் நின்றாள். கையில் இருந்த போன் அடித்தது. தம்பி. குரல் கிசுகிசுவென்று வந்தது.

"அக்கா, ஆபீசர் அந்தப் பக்கம் போயிருக்காரு. சீக்கிரம் கேட்டுக்க. அத்தான் அங்கருந்து கெளம்பிட்டாரா?"

"இப்பத்தாண்டா."

"பூட்டு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லச் சொல்லு. வீட்டுக்குக் கொண்டு போனேன்னு சொன்னா அவரு வேலையும் போயிரும், என் வேலையும் போயிரும். தொலைஞ்சு போச்சுன்னா அவரு தப்பிச்சுருவாரு. அவரும் பூட்டப் போட்டிருந்தாருன்னு நெனச்சுக் கழட்டிட்டேன்னு நான் சொல்லிக்கறேன். எனக்கு என்ன, புள்ளையா குட்டியா? நான் பாத்துக்கறேன்கா."

"தம்பி..."

"உன் வாயால சொன்னாத்தான் கேப்பாரு. வெச்சிடறேன்."

தெருக்கோடியில் அவர் போய்க்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் நடந்தார். ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். கொடுத்தால் வீட்டுக்காரர் வேலை தப்பும், கூடப் பிறந்தவன் தெருவில் நிற்பான். கொடுக்காவிட்டால் அந்த வீம்புக்காரர் உள்ளதை உள்ளபடி சொல்வார், இரண்டு பேருமே தெருவில் நிற்பார்கள்.

அம்மா வாயைத் திறந்தாள். அவர் திருப்பத்தை நெருங்கிவிட்டார்.

இதை அவள் யாரைக் கேட்டுச் செய்வாள்?